ஏ5 மதிப்பெண்ணும் எட்டு நாற்காலிக் கடையும்

முதல் தடவை ஜப்பானின் கோபே நகரில் மாட்டுக்கறி சாப்பிடப் போனபோது நான் செய்த தப்பு, நல்ல பசியோடு போனதுதான். முதுகுப் பக்கத்துக் கறியான சர்லாயின் 200 கிராம் கேட்டேன். முதல் நாலு வாய் சொர்க்கம். ஆறாவது வாய்க்குக் கை தயங்கியது. பாதியிலேயே கறியைத் தள்ளி வைத்துவிட்டு ஓரத்தில் இருந்த முட்டைக்கோஸைக் கொறித்துக்கொண்டிருந்தேன். கறியிலும் குறை இல்லை, கடையிலும் குறை இல்லை. நெய் ஒழுகும் மைசூர்பாகை அரைக் கிலோ வாங்கி ஒரே உட்காரலில் தின்னப் பார்ப்பவனுக்கு என்ன ஆகுமோ, அதுதான் ஆனது.

அடுத்த தடவை போனது வேறு மாதிரிக் கடை. சன்னோமியா ரயில் நிலையத்திலிருந்து மலைப்பக்கமாக ஏறும் சந்து ஒன்றில், மூன்றாவது மாடியில், எட்டே நாற்காலி. மெனு அட்டை கிடையாது. ஆளுக்கு மொத்தமே 150 கிராம் கறிதான். ஆனால் மாட்டின் ஏழு இடத்துக் கறி, ஏழு பக்குவத்தில். எழுந்திருக்கும்போது வயிறு போதும் என்றது, நாக்கு இன்னும் ஒரு துண்டு கேட்டது. முதல் கடையில் தின்றதும் இதே ஏ5 கறிதான், ஜப்பானில் மாட்டுக்கறிக்குப் போடும் உச்ச மதிப்பெண். அப்புறம் எங்கே வந்தது இந்த வித்தியாசம்? மாட்டிலிருந்தே தொடங்கினால்தான் இது விளங்கும்.

‘வா’ என்றால் ஜப்பானிய, ‘கியூ’ என்றால் மாடு. அவ்வளவுதான் வாகியூ. ஆனால் ஜப்பானில் வளரும் மாடெல்லாம் வாகியூ ஆகிவிடாது. கருப்பு, பழுப்பு, குட்டைக்கொம்பு, கொம்பில்லாதது என்று நான்கு இனங்களுக்கும் அவற்றுக்குள் நடக்கும் கலப்புக்கும் மட்டும்தான் அங்கே அந்தப் பெயர். அதிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கருப்பு இனம். கடையில் நம் தட்டுக்கு வருவது பெரும்பாலும் அதுதான். இந்த மாட்டின் கொழுப்பு தோலுக்கு அடியில் தனியாகத் திரண்டு நிற்பதோடு நிற்காமல், சதையின் இழைகளுக்குள்ளேயே நூல் நூலாக ஓடும். இந்தக் கொழுப்பு இழைக்கு ‘சஷி’ என்று பெயர். இழை மிக நெருங்கி இருந்தால் ‘ஷிமோஃபுரி’, அதாவது உறைபனி தூவியது போல என்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கொண்டாடப்படும் இந்த மாடு பல நூற்றாண்டுகளாகத் தின்பதற்கு வளர்க்கப்பட்டதே இல்லை. 675-ல் டென்மு பேரரசர் போட்ட ஆணை, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஐந்தையும் ஆண்டின் நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை தின்னக் கூடாது என்றது. பௌத்தம் ஒரு காரணம். அந்த மாதங்களைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரியும்: வயல் வேலை நடக்கும் காலம் அது. உழவு மாட்டை அடித்துத் தின்றுவிட்டால் ஏர் பூட்ட எதைப் பிடிப்பது? பிறகு அந்தத் தடை சட்டமாக இல்லாத காலத்திலும் பழக்கமாக நின்றுவிட்டது. அதில் ஓட்டையும் இருந்தது. எடோ காலத்தில், இப்போதைய ஷிகா மாவட்டத்தில் இருந்த ஹிகோனே சிற்றரசு, மிசோ என்ற புளித்த சோயா விழுதில் ஊறவைத்த மாட்டுக்கறியை, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்கு அனுப்பிவந்தது. பெயர் என்னவோ ‘மருந்து’. இன்று அந்தப் பகுதியின் ஓமி மாட்டுக்கறி தன் வயது 400 ஆண்டு என்று சொல்லிக்கொள்வது இந்தக் கணக்கில்தான்.

1868-ல் கோபே துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்தது. வந்திறங்கியவர்களுக்குக் கறி வேண்டியிருந்தது. கோபே இருக்கும் ஹியோகோ மாவட்டத்தின் வடக்கே, தஜிமா மலைப்பகுதியில் படிக்கட்டு வயல்களை உழுத சின்னக் கருப்பு மாடுகள் துறைமுகத்துக்கு வந்தன. தின்றவர்கள் அதற்கு இறக்கிய ஊரின் பெயரை வைத்தார்கள். கோபே மாட்டுக்கறி என்ற பெயர் இப்படி வந்ததே தவிர, கோபே நகரத்தில் மேய்ந்த மாடு என்று பொருள் இல்லை. 1872-ல் மெய்ஜி பேரரசரே மாட்டுக்கறி சாப்பிட்ட செய்தி வெளியானது. அதற்கப்புறம் யோகோஹாமாவிலும் டோக்கியோவிலும் ‘கியூநாபே’ கடைகள் பெருகின. மிசோவிலோ சோயா சாற்றிலோ கறியை வேகவைக்கும் சட்டிச் சாப்பாடு அது. இனிப்பும் சோயாவும் கலந்த சாற்றில் மெல்லிய கறியைச் சமைக்கும் சுகியாகிக்கு முன்னோடி.

அடுத்து அரசாங்கத்துக்கு ஓர் ஆசை வந்தது: நம் மாடு சிறிசு, அதைப் பெரிசாக்குவோம். 1900-க்குப் பின் சில ஆண்டுகள் பிரவுன் சுவிஸ், சிமென்டல் போன்ற ஐரோப்பியக் காளைகளைக் கொண்டு கலப்பு செய்தார்கள். மாடு பெரிசாகத்தான் ஆனது, ஆனால் உழவுக்கு மந்தமானது, கறியும் முன்போல் இல்லை. நம் ஊரில் நாட்டு மாட்டைப் பற்றி வருத்தப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை பழகியதாகத் தோன்றும். கலப்புப் படாத தஜிமா மாடு தேடியபோது, எட்டாக்கையான ஒரு மலைக் கிராமத்தில் 4 மட்டும் மிஞ்சியிருந்தன என்பது அந்தப் பகுதியில் இன்றும் சொல்லப்படும் செய்தி. அந்த வழியில் 1939-ல் பிறந்த காளை தஜிரி. 2012-ல் வாகியூ பதிவுச் சங்கம் வம்சாவளியைத் தோண்டிப் பார்த்தபோது, நாடு முழுக்க உள்ள கருப்பு வாகியூ தாய்ப்பசுக்களில் 99.9 சதவீதம் அந்த ஒரே காளையின் வழிவந்தவை என்று தெரிந்தது. சுவையின் ரகசியம் இதில் இருக்கிறது, ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. இவ்வளவு குறுகிய ரத்தவழியில் ஒரு நோய் புகுந்தால் என்ன ஆகும் என்ற கவலை வளர்ப்பவர்களுக்கு எப்போதும் உண்டு.

உழவு டிராக்டருக்குப் போனபின் மாட்டுக்குக் கறியே வேலையானது. ஆனால் அதைக் கொழுப்பை நோக்கித் திருப்பியது ஒரு வர்த்தக முடிவு. 1991 ஏப்ரலில் ஜப்பான் மாட்டிறைச்சி இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, வரியை மட்டும் வைத்துக்கொண்டது. முதல் ஆண்டு 70 சதவீதம் இருந்த வரி படிப்படியாக 38.5 வரை இறங்கியது. அமெரிக்கக் கறியும் ஆஸ்திரேலியக் கறியும் கப்பல் கப்பலாக வந்தன. விலையில் அவற்றோடு மோத முடியாத ஜப்பானிய விவசாயிக்கு, அவர்களால் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுப்பதுதான் வழி. அந்த ஒன்று சஷி.

அதற்கான வேலை எப்படி நடக்கிறது? கன்று ஈன வைப்பவர் ஒருவர், கொழுக்க வைப்பவர் வேறொருவர். ஒன்பது, பத்து மாதத்தில் கன்று ஏலத்துக்கு வரும். அதன் சான்றிதழில் மூக்கின் பதிவு இருக்கும். மை தடவித் தாளில் அழுத்தி எடுத்தது. நம் கைரேகை போல மாட்டுக்கு மூக்கு ரேகை, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. வாங்கியவர் வைக்கோல், பார்லி, தவிடு, சோளம் கொடுத்துக் கொட்டிலிலேயே வைத்து இருபத்தெட்டு, முப்பது மாத வயது வரை வளர்ப்பார். பீர் கொடுப்பார்கள், மசாஜ் செய்வார்கள், பாட்டுப் போடுவார்கள் என்ற கதைகளை எல்லாரும் கேட்டிருப்போம். மாட்டுக்கறிக்குப் பேர்போன மட்சுசாகா பக்கம் கோடையில் தீனி எடுக்காத மாட்டுக்கு பீர் ஊற்றுபவர்கள் உண்டு, ஊருக்கே பொதுவான வழக்கம் அல்ல. உண்மையான சூட்சுமம் இவ்வளவு அழகான கதை இல்லை. வளரும் பருவத்தில் சில மாதங்கள் தீவனத்தில் வைட்டமின் ஏ-வைக் குறைத்துவிடுவார்கள். அது குறைந்தால் சதைக்குள் கொழுப்பு அணுக்கள் கூடுதலாக வளரும். கொஞ்சம் அளவு தப்பினால் மாட்டுக்குப் பார்வை போகும், மூட்டு வீங்கும். நல்ல வளர்ப்பாளர் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கயிற்றின் மேல் நடக்கிறார். தட்டில் உள்ள வெள்ளைக் கோலத்தைப் பார்த்து வியக்கும்போது இதையும் தெரிந்துதான் வியக்க வேண்டும்.

இனி, எல்லாரும் உச்சரிக்கும் ஏ5. வெட்டிய உடலை ஆறாவது, ஏழாவது விலா எலும்புக்கு நடுவே அறுத்து, அந்த முகத்தைப் பார்த்து ஜப்பான் இறைச்சித் தரமிடல் சங்கத்தின் ஆட்கள் மதிப்பெண் போடுகிறார்கள். எழுத்து ஏ, பி, சி என்பது அந்த உடலில் விற்கக்கூடிய கறி எவ்வளவு தேறும் என்ற கணக்கு. வாங்கும் வியாபாரிக்கு அது முக்கியம், சாப்பிடுபவருக்கு அதனால் நயா பைசா பயன் இல்லை. எண்தான் தரம். சஷி, கறியின் நிறம், இறுக்கமும் இழையும், கொழுப்பின் நிறம் என நான்கையும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, நான்கில் எது ஆகக் குறைவோ அதையே மொத்த மதிப்பெண்ணாக வைப்பார்கள். கணக்கில் நூறு வாங்கி ஆங்கிலத்தில் நாற்பது வாங்கினால் ரேங்க் நாற்பதுதான் என்பது போன்ற கறாரான முறை. சஷிக்கு மட்டும் தனியாக 1 முதல் 12 வரை ஓர் அளவுகோல் உண்டு. 8 முதல் 12 வரை எல்லாமே 5-ல் அடங்கிவிடும். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே கண்ணால் பார்த்தாலே தெரியும் தூரம், ஆனால் கடை வாசலில் இரண்டுக்கும் ஒரே பலகை.

இன்னொன்று: நாக்கும், ‘ஹராமி’ என்கிற உதரவிதானச் சதையும் வணிகக் கணக்கில் உள்ளுறுப்பு. தரமிடும் முன்பே அவை உடலைவிட்டுப் பிரிந்துவிடும். ‘ஏ5 நாக்கு’ என்று எங்காவது எழுதியிருந்தால், ஏ5 மாட்டின் நாக்கு என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். அந்த நாக்குக்கு யாரும் மார்க் போடவில்லை.

மார்க்கின் மவுசும் முன்போல் இல்லை. முப்பது ஆண்டு இனத்தேர்வின் பலனாக, சந்தைக்கு வரும் காயடித்த கருப்பு வாகியூ காளைகளில் இப்போது பாதிக்கு மேல் 5-ம் தரம். வகுப்பில் பாதிப் பேர் முதல் ரேங்க் என்றால் ரேங்க் அட்டையைப் பார்த்து என்ன பயன்? ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வாகியூ ஒலிம்பிக்ஸ், 2022-ல் ககோஷிமாவில் நடந்தபோது, கொழுப்பின் அளவை விட்டுக் கொழுப்பின் தன்மையைப் பார்க்கத் தனிப் பிரிவே வைத்தார்கள். ஓலிக் அமிலம் கூடுதலாக உள்ள கொழுப்பு சீக்கிரம் உருகும், வாயில் பிசுக்கென்று ஒட்டாது. சின்னக் கடைக்காரர்கள் இதைப் பேச ஆரம்பித்து வெகுகாலம் ஆகிறது.

பெயர்களின் கணக்கும் குழப்பமானது. கோபே என்று சொல்ல வேண்டுமானால் தஜிமா ரத்தவழி, ஹியோகோவில் பிறந்து வளர்ந்து அங்கேயே வெட்டப்பட்டது, சஷி 6-க்குக் குறையாதது என்று நிபந்தனைகள் நீளும். தேறியதற்கு சாமந்தி முத்திரை குத்துவார்கள். மட்சுசாகாவில் கன்று ஈனாத கிடேரி மட்டும்தான், ஆனால் அது எங்கே பிறந்தாலும் பரவாயில்லை, அங்கே கொழுக்க வைத்தால் போதும். கியூஷூவில் பிறந்த கன்று மட்சுசாகா மாடாக முடிவது சாதாரணம். கோபே கறி முதன்முதலில் நாட்டை விட்டு ஏற்றுமதியானது 2012-ல், சீனாவின் மக்காவ் நகருக்கு. அதற்கு முன்னால் அமெரிக்க உணவகங்களில் ‘கோபே’ என்று விற்றதெல்லாம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட்டின் பெற்றோர் மகனுக்குப் பெயர் பிடித்ததும் இந்தக் கறியிலிருந்துதான். அவர் பிறந்தது 1978.

சரி, எட்டு நாற்காலிக் கடைக்கு வருவோம். சுவரில் சின்னக் கரும்பலகை, அதில் சாக்பீஸால் பத்து இலக்க எண். 2001-ல் ஜப்பானில் பைத்தியமாட்டு நோய் கண்டுபிடிக்கப்பட்டு, மாட்டுக்கறி என்றாலே ஜனங்கள் பயந்த பிறகு வந்த ஏற்பாடு இது. ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் அந்த எண். 2004 டிசம்பரிலிருந்து கறி விற்பவரும் எண்ணைக் காட்ட வேண்டும். யாகினிகு (மேசையிலேயே சுட்டுத் தின்னும் கறி), ஷாபு-ஷாபு (கொதிசாற்றில் தோய்த்துத் தின்பது), சுகியாகி, ஸ்டேக் இவற்றை முக்கியமாக விற்கும் கடைகளும்தான். எண்ணை போனில் தட்டினேன். பிறந்த தேதி, கிடேரி, கருப்பு வாகியூ, தாயின் எண், எந்த மாவட்டத்திலிருந்து எங்கே மாறியது, எந்த நாள் வெட்டப்பட்டது, எல்லாம் வந்து நின்றது. சாப்பிடப் போகும் உயிரின் பிறந்த நாளைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, முப்பத்திரண்டு மாதமா, பரவாயில்லையே, நிதானமாக வளர்த்திருக்கிறார்கள் என்று தலையாட்டினார்.

கறி வெட்டுவதைப் பார்ப்பதே பாதிச் சாப்பாடு. முழுத் துண்டம் குளிர்பெட்டியை விட்டு வெளியே நிற்பது ஒரு நிமிடம்கூட இல்லை. இந்தக் கொழுப்பு நம் உடல் சூட்டுக்கும் கீழேயே உருகும், விரல் பட்ட இடம் பளபளக்க ஆரம்பித்துவிடும். கடைக்காரர் இடது கையை ஐஸ் தண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டு, இழைக்குக் குறுக்கே ஒரே இழுப்பில் கத்தியை இழுத்தார். ரம்பம் போல் முன்னும் பின்னும் போகாது.

முதலில் வந்தது நாக்கு. அடி நாக்கு, கனமாக, உப்பு மட்டும் போட்டுக் கரியில் சுட்டது. வாகயாமா பக்கத்து வெண்கரி சுவாலை விடாமல், புகையும் அதிகமில்லாமல், தணலாகவே நிற்கும். இரண்டாவது ‘இச்சிபோ’, பிட்டப் பகுதி. அந்த எலும்பின் ஆங்கிலப் பெயரான எய்ட்ச்போன் ஜப்பானிய நாக்கில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. ‘ரோசு’ என்பது ரோஸ்ட்டிலிருந்து வந்தது, ‘கல்பி’ கொரியச் சொல். கறிக்கடையில் நின்றாலே ஜப்பானின் சரித்திரம் காதில் விழும்.

அந்தக் கொரியச் சொல்லை அப்படியே கடந்துவிட முடியாது. மாட்டை இத்தனை துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து மேசையிலேயே சுட்டுத் தின்னும் யாகினிகு, ஜப்பானில் குடியேறிய கொரியர்கள் வளர்த்தது. ஒசாகாவின் சுருஹாஷி அதற்குப் பேர்போன இடம். மற்றவர்கள் ஒதுக்கிய குடலையும் ஈரலையும் விற்றுப் பிழைத்தவர்களின் கைப்பழக்கம், இன்றைக்கு ஆளுக்கு 10,000 யென்னைத் தாண்டும் கடைகளின் வெட்டுப் பலகையில் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கடன் போதுமான அளவு பேசப்படுவதில்லை என்பது என் எண்ணம்.

மூன்றாவது ‘மிசுஜி’. தோள்பட்டை எலும்பை ஒட்டியிருக்கும் கறி, நடுவே ஒரு நரம்பு இலையின் நடுநரம்பு போல ஓடும். ஒரு மாட்டில் சில கிலோதான் தேறும். பெரிய உணவகத்துக்கு இது கட்டுப்படியாகாது. ஒரே இரவில் இருநூறு பேருக்கு ஒரே தரத்தில் கொடுக்க வேண்டியவர்கள் சர்லாயின், ஃபில்லே என்று பெரிய துண்டுகளைத்தான் நம்ப முடியும். எட்டுப் பேருக்கு ஆளுக்கு 20 கிராம் என்றால் 160 கிராம். அந்தச் சின்னக் கணக்கு சின்னக் கடைக்கு மட்டும்தான் ஒத்துவரும். முன்பதிவு இல்லாமல் விடமாட்டேன் என்பதும், எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும் என்பதும், சில கடைகள் தெரிந்தவர் அழைத்து வந்தால்தான் உள்ளே விடுவதும் வெறும் பந்தா என்று நான் முதலில் நினைத்தேன். ஓரளவுக்குப் பந்தாவும்தான். ஆனால் வெட்டிய கறி காத்திருக்காது, ஒரு நாற்காலி காலியானால் எட்டில் ஒரு பங்கு நஷ்டம்.

நான்காவதுதான் சர்லாயின். கையகலம், காகிதம் போல மெலிசு. இதைக் கரியில் போடவில்லை. இனிப்பும் சோயாவும் கலந்த சாற்றில் சில நொடி புரட்டி, அடித்த முட்டையில் தோய்த்துக் கொடுத்தார். வாகியூவுக்கென்று ஓர் இனிய மணம் உண்டு, தேங்காயையும் பீச் பழத்தையும் நினைவூட்டுவது. 80 டிகிரி வாக்கில் சூடாகும்போதுதான் அது நன்றாக எழும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கொதிசாற்றில் தோய்க்கும் சுகியாகியும் ஷாபு-ஷாபுவும் இந்தக் கறிக்கு ஏன் பொருந்துகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. நான் முதல் தடவை கேட்டு வாங்கிய சர்லாயினின் பத்தில் ஒரு பங்குகூட இது இருக்காது. ஆனால் அந்த இரவில் நினைவில் நிற்பது இந்த வாய்தான்.

பிறகு ஹராமி, கொஞ்சம் முரட்டுக் கறி. தொடர்ந்து கொழுப்பாகவே கொடுத்தால் நாக்கு மரத்துவிடும் என்பதற்காக நடுவில் வைத்தது. ‘பச்சையாக ஏதாவது உண்டா?’ என்று யாரோ கேட்டார்கள். இல்லை என்று கையசைத்தார். 2011-ல் ஒரு யாகினிகு நிறுவனத்தின் கடைகளில் பச்சைக் கறி தின்று ஐந்து பேர் இறந்த பிறகு விதிகள் கடுமையாகிவிட்டன. மறு ஆண்டு ஜூலையில் பச்சை ஈரலுக்கு முழுத் தடையே வந்தது. கறியைத் தணலில் வைக்கும் இடுக்கியையும் வாயில் வைக்கும் குச்சியையும் கலக்கக் கூடாது என்று கடைகளில் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

ஆறாவது ‘ஸாபுதோன்’. உட்காரும் திண்டுக்கு அந்தப் பெயர், சதுரமாக இருப்பதால் கறிக்கும் வந்தது. பனி மிக அடர்த்தியாக விழுந்த துண்டு. அதன் மேல் அப்போதுதான் துருவிய வசாபியை ஒரு சிறு உருண்டையாக வைத்தார். இவ்வளவா என்று பயந்தேன். கொழுப்பு அந்தக் காரத்தை அப்படியே விழுங்கிவிட்டது. வெறும் வசாபியில் அதில் கால்வாசி வைத்திருந்தால் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும். கடைசியாக ஃபில்லே. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, வாட்டிய ரொட்டிக்கு நடுவில் வைத்து, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சான்ட்விச். அப்புறம் சோறு, சிவப்பு மிசோ சாறு, ஊறுகாய்.

அந்தக் கறியை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, இருபது ஆண்டாக ஒரே மொத்த வியாபாரி என்றார். முழு மாடாக வாங்கப் பணமும் இல்லை, வைக்க இடமும் இல்லை. கொழுப்பு எட்டோ ஒன்பதோ இருந்து, கிடேரியாகவும் வயது கூடியதாகவும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறாராம். பன்னிரண்டு வேண்டாமா என்றேன். ‘அதைப் படம் எடுக்கலாம்’ என்று சிரித்தார்.

பில்லைக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் ஈரத் துணியால் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைய மாட்டின் எண்ணை ஒரு துண்டுச்சீட்டைப் பார்த்து, இலக்கம் இலக்கமாக, இரண்டு தடவை சரிபார்த்து எழுதினார்.